ஐம்பத்தொன்பதைத் தாண்டாத எண்கள்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு மேஜை இனிமேல் சாப்பாட்டுக்கு இல்லை என்பது இன்று உறுதியாகிவிட்டது. பாதி மேஜையை மருமகளின் இரண்டு பெரிய திரைகள் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் பேத்தியின் வீட்டுப்பாடம். நானும் மகனும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவனுக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு ஓடிப் பழகியவன். எனக்குத்தான் தினம் ஒரு சட்டை பாழாகிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். என்னோடு ஓய்வு பெற்ற வாத்தியார்களில் எத்தனை பேர் வீட்டு மேஜையில் ஒரு முழுக் கண்டம் விரிந்து கிடக்கிறது?

மருமகள் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வரைபடக் குழுவுக்குத் தலைவி. அந்தக் கண்டத்தில் பூமியைத் தோண்டி எடுக்கிற எல்லாமே அவள் படத்தில் வர வேண்டும் — சுரங்கம், உருக்காலை, சிமெண்ட் ஆலை. அதோடு அவற்றைத் தாங்கி நிற்கிற ரயில் பாதை, மின்கம்பி, குழாய், துறைமுகம். அத்தனைக்கும் பூமியில் அது நிற்கிற இடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணாக இருக்க வேண்டும்.

பேத்தி கேட்டாள்: "ஒரே படத்துல இவ்வளவும் போட்டா கசகசன்னு இருக்காதா தாத்தா?"

ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் நான் செய்ததைச் சொன்னேன். ஒரு டிரேசிங் தாளில் எலும்புகளை வரைவேன், இன்னொன்றில் ரத்தக் குழாய்களை, மூன்றாவதில் நரம்புகளை. மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மனிதன் தெரிவான். அம்மாவும் அதைத்தான் செய்கிறாள். தாளுக்குப் பதில் கணினி, உடம்புக்குப் பதில் கண்டம்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மருமகள் சொன்னாள்: "மாமா, எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு நீங்களே வந்து இதைச் சொல்லிடுங்க. நான் சொன்னா ஒருத்தருக்கும் புரியல."

இரவு சாப்பாடு சற்று அதிகமாகவே இறங்கியது.

மார்ச் 9, ஞாயிறு

பூங்காவில் வழக்கமான கூட்டம். அரை மணி நேரம் நான் மட்டுமே பேசியிருக்கிறேன் போல. கடைசியில் போஸ்ட்மாஸ்டர் — ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் எங்களுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர்தான் — கையைத் தூக்கினார்.

"சார், ஒரு சந்தேகம். படம் போடறது மருமகளா, நீங்களா?"

"அவதான். ஏன்?"

"இல்ல, நெஞ்சு உங்களுக்கு நிமிர்ந்திருக்கே. அதான் கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

சின்ன மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கும் என் மனைவி போனில் சொன்னது: "பெருமையைக் கொஞ்சம் மடிச்சு பீரோல வைங்க. கசங்கிடப் போகுது."

மார்ச் 21, வெள்ளி

தேதி குறித்துவிட்டார்கள்! ஏப்ரல் 24. பெரிய மாநாடு, நேரடி ஒளிபரப்பு, மேடையில் பேசப்போவது மருமகள்.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே கூட்ட அறையில் பெரிய திரை இருக்கிறது. 24ஆம் தேதி சாயங்காலம் நம் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம். நூலகர் அம்மா கேட்டார்: "நிகழ்ச்சி பேரு என்னன்னு எழுதட்டும்?" நான் சொன்னேன்: "ஒரு கண்டத்தின் கனிம வரைபடம் — வெளியீடு." எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க படமா சார்?" "எங்க வீட்டுப் படம்" என்றேன்.

விஷயம் தெரிந்ததும் மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, நான் உளறினா அத்தனை பேரும் பார்ப்பாங்களே!"

ஏன் இந்த அவசரம் என்றும் இன்று சொன்னாள். தாது எடுத்தபின் மிஞ்சுகிற சேற்றைச் சுரங்கக்காரர்கள் அணை கட்டித் தேக்கி வைப்பார்களாம். அந்த அணை உடைந்தால் கீழே இருக்கிற ஊர் போய்விடும். கண்டத்தின் கிழக்கே ஒரு நாட்டில் அப்படிப்பட்ட அணைகள் ஏராளம். எது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கையிலும் ஒழுங்கான படம் இல்லை. ஒரு நிவாரண அமைப்பு இவர்கள் படத்துக்காகக் காத்திருக்கிறது. அங்கே அக்டோபர் கடைசியில் மழை தொடங்கும். அதற்குள் எந்தெந்த ஊருக்கு எச்சரிக்கை ஆட்கள் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

நான் இத்தனை நாள் இதைப் பார்க்க அழகான படம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் மருமகள் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தாள். மேடையில் காட்டுவதற்கு நல்ல இடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழக்கு நாட்டுக்குப் போனாள். திடீரென்று சாப்பிடுவது நின்றது. பேத்தி இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

"மாமா, அலுமினிய ஆலைக்குக் கரண்ட் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அது கரண்டைக் குடிக்கும்னு நீதானே சொன்னே."

"இந்த ஆலைக்கு ஒரு கம்பிகூடப் போகல. அங்க பாருங்க, எவ்வளவு பெரிய லைன், வெறும் பொட்டல்ல போய் முடியுது."

நான் சொன்ன ரத்தக் குழாய்தான். விரல் ஓரிடத்தில், குழாய் வேறிடத்தில். மின்கம்பித் தாளை ஒரு குழு வரைந்தது, ஆலைத் தாளை இன்னொரு குழு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. அவள் செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்தாள். கம்பி முடிகிற இடத்தில் நீள நீளமாகக் கூரைகள். ஆலை அங்கேதான் இருக்கிறது. எங்கள் படத்தில் அது முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, யாருமில்லாத புதர்க்காட்டில் நிற்கிறது.

அந்த நாட்டின் இடங்கள் பெரும்பாலும் ஒரு பழைய அரசு அறிக்கையிலிருந்து வந்தவை. அந்த மூலப் பட்டியலைத் திறந்து உருட்டினாள். புள்ளிக்குப் பின்னால் 45, 12, 58, 30, 07... உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"மாமா, புள்ளிக்கு அப்புறம் அறுபதோ அதுக்கு மேலயோ ஒண்ணாவது உங்க கண்ணுல படுதா?"

தேடினேன். எழுபது இல்லை, எண்பது இல்லை, தொண்ணூறு இல்லை. எல்லாம் ஐம்பத்தொன்பதோடு நின்றுவிட்டன.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கியிருக்க வேண்டாம் என்று இருந்தது. வருடா வருடம் நாற்பது விடைத்தாளில் பத்திலாவது இது இருக்கும். ஒரு மணி முப்பது நிமிடத்தை 1.30 என்று எழுதுவார்கள். அதோடு இன்னொரு 1.30ஐக் கூட்டி 2.60 என்று விடை போடுவார்கள். மூன்று மணி என்று வராது. டிகிரியும் கடிகாரம் மாதிரிதான், அறுபது நிமிடம் சேர்ந்தால் ஒரு டிகிரி. அந்த அறிக்கைக்காரர்கள் பன்னிரண்டு டிகிரி நாற்பத்தைந்து நிமிடத்தை 12.45 என்று எழுதி வைத்தார்கள். கணினி அதைத் தசமமாக எடுத்துக்கொண்டது. உண்மையில் அது 12.75.

"சோதிச்சுப் பார்த்தப்போ தெரியலியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரிஞ்சுது மாமா. கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்துச்சு. பழைய அறிக்கை, அப்படித்தான் இருக்கும், சாட்டிலைட் படத்துல பக்கத்துல எந்தச் சுரங்கக் குழி தெரியுதோ அதுல வைங்கன்னு விதி போட்டது யாரு? நான்தான்."

தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. நானும் சூடு பண்ணித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் சீக்கிரமே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று கேட்டேன்: "ஒவ்வொரு எண்ணையும் கணக்குப் போட்டு மாத்திட்டா சரியாயிடாதா?"

"கணக்கு கிட்டக்க கொண்டு போய் விடும் மாமா. அங்க எந்தக் குழின்னு கண்ணுதான் சொல்லணும். அதைச் சுத்தி அணை, ரயிலு, ரோடு எல்லாத்தையும் தப்பான இடத்தை நம்பி இணைச்சிருக்கோம். அவ்வளவையும் பிரிச்சு மறுபடி கோர்க்கணும்."

"இருபத்தினாலாம் தேதிக்குள்ள?"

அவள் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைக்கு மருமகளுக்கு நிறுவன இயக்குநர் அம்மாவோடு கூட்டம். திரும்பி வந்து காலணிகூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து சொன்னாள். நானும் மகனும் எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டோம்.

இயக்குநர் முதலில் சொன்னாராம்: "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. டிகிரி, நிமிஷம் எல்லாம் வேண்டாம்." இவள் எழுந்து பலகையில் 1.30 + 1.30 = 2.60 என்று எழுதினாளாம். அப்புறம் இயக்குநர், "போன வாரம் என் பையன் இதைத்தான் எழுதிட்டு வந்தான், திட்டினேன்" என்றாராம்.

என் 2.60! என் ஐந்தாம் வகுப்புப் பலகையிலிருந்து கிளம்பி அங்கே போய் நின்றிருக்கிறது.

ஆனால் இயக்குநர் லேசுப்பட்டவரில்லை. "சொன்ன தேதியில வெளியிடுவோம். அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். நாள் தள்ளிப்போனா மழைக்கு முன்னாடி அவங்க கைக்குப் படமே போகாதே?" — இதுவும் நியாயம்தானே? நானாக இருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பேன்.

இவள் சொன்னாளாம்: "இந்தப் படத்தை வச்சு ஆள் அனுப்பினா, இல்லாத அணைக்குக் கீழ காவல் இருப்பாங்க மேடம். இருக்கிற அணைக்குக் கீழ ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. படமே இல்லேன்னா வழியில நாலு பேரைக் கேட்டாவது போவாங்க."

"பக்கத்துக் குழில வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்."

வெளியீடு ஆகஸ்டுக்குத் தள்ளிப் போயிற்று. இயக்குநரின் நிபந்தனை: அதற்குள் முடியாவிட்டால் அந்த நாட்டையே எடுத்துவிட்டு வெளியிடுவார். கண்டத்தின் நடுவே ஒரு நாடு மட்டும் வெள்ளையாக. அந்த ஊர்களுக்கு இந்த வருடமும் ஒன்றும் இல்லை. மேடையில் யார் பேசுவது என்பதும் அப்புறம் பார்க்கலாமாம்.

மகன் கேட்டான்: "வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லியே?"

"தெரியாது" என்றாள். தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

நான் எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

என்ன பெரிய தப்பு பண்ணிட்டேன்? உதவிக்கு வரட்டுமான்னு கேட்டேன் — அவ்வளவுதானே? கண்ணு நல்லாத்தானே இருக்கு, கேட்டராக்ட்கூட எடுத்தாச்சு. குழி எது, குளம் எதுன்னு பார்க்கத் தெரியாதா எனக்கு? நாள் பூரா சும்மாத்தானே உட்கார்ந்திருக்கேன்?

"வேண்டாம் மாமா." ஒரே வார்த்தை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சற்றுப் பொறுத்து எழுதுகிறேன். ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். அவளே எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கிளாஸ்ல உங்க பிள்ளை படிச்சப்போ அவர் பேப்பரை யார் திருத்தினாங்க?"

"பக்கத்து வகுப்பு டீச்சர். நான் தொடவே மாட்டேன்."

"ஏன்?"

என் வாயை என் விதியாலேயே அடைத்துவிட்டாள்.

"ஒவ்வொரு புள்ளியையும் ரெண்டு பேர் தனித்தனியா பார்க்கறோம். ரெண்டு பேரும் ஒரே இடம் சொன்னாத்தான் வைப்போம். அதுல வீட்டு ஆளு இருந்தா யார் நம்புவாங்க? இன்னொரு தடவை ஒரு விஷயத்துலகூட நான் 'பரவாயில்ல, வைச்சுடு'ன்னு சொல்ல மாட்டேன் மாமா. உங்களுக்காகக்கூட."

கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சமையலறையும் பேத்தியும் இனி என் பொறுப்பு என்று அறிவித்தேன். "உப்பு மட்டும் ரெண்டு பேர் தனித்தனியா பார்க்கட்டும்" என்றான் மகன்.

ஏப்ரல் 24, வியாழன்

நூலகத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லியாகிவிட்டது. எப்படிக் கலைப்பது? இரண்டு வாரமாகப் பூங்காப் பக்கமே போகவில்லை. "ஏதோ டெக்னிக்கல் கோளாறு" என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஒத்திகை பார்த்தேன். காலையில் மருமகளிடம் கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லுங்க மாமா. எங்க வெப்சைட்லயே காரணத்தோட போட்டாச்சே. ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

சாயங்காலம் அறை முக்கால்வாசி நிறைந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் சலவைச் சட்டையில் முன் வரிசை. திரை இருட்டாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. நான் மார்க்கரை எடுத்தேன்.

படம் இன்று வெளியாகவில்லை என்றேன். ஏன் வெளியாகவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கூட்டம் என்றேன். 1.30 + 1.30 என்று எழுதிவிட்டு, விடை என்ன என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து கணீரென்று வந்தது: "ரெண்டு புள்ளி அறுபது!"

"ரெண்டு மணி அறுபது நிமிஷமா, மூணு மணியா?"

கொஞ்சம் சலசலப்பு. அப்புறம் சிரிப்பு பரவியது. ஒவ்வொருவருக்கும் வேறுவேறு நேரத்தில் புரிவதை முகத்தில் பார்க்க முடிந்தது — இதைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது! போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். "சார், அப்போ சர்வீஸ் முழுக்க என் ஓவர்டைம் நேரத்தைத் தப்பாக் கூட்டியிருக்கேனே! இப்போ யார்கிட்டப் போய்க் கேட்கறது?"

பிறகு அணையைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சொன்ன தேதிக்கு மேடை ஏறிக் கைதட்டு வாங்கியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தப்பு என்னுடையது என்று அவளாகவே போய்ச் சொன்னாள், அந்தப் பெண் என் மருமகள் என்றேன்.

கலைந்து போகும்போது போஸ்ட்மாஸ்டர் என் தோளைத் தட்டினார். "இப்போ நிமிருங்க சார். நல்லா நிமிருங்க."

மே 17, சனி

பேத்தி அம்மாவின் வேலையிலிருந்து புது வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறாள். குளித்தாயா என்றால் "உறுதி செய்யப்படவில்லை" என்கிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று அந்த அலுமினிய ஆலையைச் சரியான இடத்தில் வைத்தார்களாம். கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த மாதிரி நான் எல்லா விளக்கையும் போட்டேன்.

ஜூலை 12, சனி

ஒரு தாமிரச் சுரங்கத்தை ஒருவர் ஓரிடத்தில் சொல்கிறார், இன்னொருவர் வேறிடத்தில். மூன்று நாளாக இழுபறி. என்னிடம் காட்ட மாட்டாள். நானும் கேட்கவில்லை. இருந்தாலும் துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது! நல்ல வேளை, என்னைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

படம் வெளியாகிவிட்டது. கிழக்கு நாடும் இருக்கிறது. வெள்ளையாக இல்லை.

நூலகத்தில் மறுபடி கூடினோம். மேடையில் பேசியது இயக்குநர் அம்மா. நன்றாகத்தான் பேசினார். "நமது குழுவினரின் அயராத உழைப்பு" என்றார். குழுவினர்! கேமரா ஒரு தடவை மூன்றாவது வரிசைப் பக்கம் போய், மருமகளின் பாதி முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு தடவை பேரைச் சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்? நாலு மாசம் சாப்பாடு தூக்கம் இல்லாம உழைச்சது யாரு? வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன்.

அவள் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். அவளுக்குச் சிரிப்பு. "உங்க போனை எடுங்க மாமா. படத்தைத் திறங்க. ஏதாவது ஒரு புள்ளியைத் தொடுங்க."

தொட்டேன். சுரங்கத்தின் பெயர், என்ன எடுக்கிறார்கள், எந்த ரயில் நிலையம் பக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: "இருவர் தனித்தனியே கண்ணால் பார்த்து உறுதி செய்தது." இன்னொன்றைத் தொட்டேன், நிறமில்லாத வெற்று வட்டம். "அறிக்கையில் மட்டும் உள்ளது. உறுதி செய்யப்படவில்லை."

தெரியாத கேள்விக்கு எதையோ கிறுக்கி வைக்காமல் இடத்தைக் காலியாக விடுகிற பிள்ளையை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒரு கண்டம் முழுவதும் அப்படி விட்டிருக்கிறாள். பெயர் இல்லை என்று நான்தான் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

மேஜை திரும்பக் கிடைத்துவிட்டது. நான்கு பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னவோ வெறிச்சென்று இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

என் மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டாள். என் சமையலை ருசி பார்த்துவிட்டு, "இதையா ஏழு மாசம் சாப்பிட்டீங்க?" என்று மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

மத்தியானம் எல்லோரும் மேஜையில் இருந்தபோது மருமகளின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். சாப்பிடுவது நின்றது. ஏப்ரலில் பார்த்த அதே முகம்.

"என்னம்மா? மறுபடி ஏதாவது...?"

நிவாரண அமைப்பிலிருந்து செய்தி. அங்கே மழை கொட்டுகிறதாம். படத்தில் பார்த்த ஓர் அணைக்கு ஆள் போயிருக்கிறார்கள். கரையில் விரிசல் கண்டிருக்கிறது. கீழே இருக்கிற ஊர்க்காரர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். கரை இன்னும் உடையவில்லை, உடையாமலும் போகலாம். எல்லோரும் பத்திரம்.

"அணையைத் தேடறது கஷ்டமா இருந்துச்சாமா?" என்று மகன் கேட்டான்.

அவள் செய்தியின் கடைசி வரியைப் படித்தாள்: "படத்தில் இருந்த இடத்தில் இருந்தது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா."